எல்லைக் கோடும் பஸ் பாதையும்

நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என நீர் மூன்றாகப் பிரிவதை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர். தலைப்பில் மதகு திறக்கும் அளவுக்கே கடைமடைக்குத் தண்ணீர். சர்க்கார் நிதியும் இத்தகையதே. அதன் தலைப்பு ஜனத்தொகைக் கணக்கு. அக்கணக்கில் நம் ஊர் கிராமமா நகரமா, ஜனங்கள் எத்தனை பேர் என்று எழுதப்படுவதைப் பொறுத்தே பல திட்டங்கள் நம்மை வந்தடைகின்றன.

அண்மையில் இவ்வட்டாரத்துச் சங்கம் ஒன்றுக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தோம். மகாசபை முடியுமுன்னரே நெசவாளர் ஒருவர் எழுந்துவிட்டார். சாயங்கால பஸ் தவறினால் நூல் கட்டைத் தோளில் சுமந்து நடக்க வேண்டுமாம். போகும்போது, “ஐயா, எங்கள் பஞ்சாயத்தைப் பேரூராட்சியோடு சேர்த்தால் இந்த பஸ் இருக்குமா, போய்விடுமா?” என்று கேட்டார். அன்று தக்க விடை கூற நம்மால் இயலவில்லை. பின்னர் விதிகளைப் படித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

எல்லை மாறுவது நமக்குப் புதிதன்று. பழைய தஞ்சை ஜில்லாவிலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-இல் திருவாரூர் தனி மாவட்டமாயிற்று. 2020-இல் மயிலாடுதுறையும் தனித்தது. ஆயினும் நம்மவர் தஞ்சைக்குச் செல்லும் வழி மாறவில்லை. 1972-இல் கும்பகோணத்தில் தோன்றிய சோழன் போக்குவரத்துக் கழகத்தின் வழிவந்த பஸ்கள் மாவட்ட எல்லையைக் கண்டு திரும்பிவிடவுமில்லை. ஆகவே, கோடு மாறிய மறுநாளே பஸ் நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. கவலைக்குரியது, இனிமேல் பாதை போடவும் பஸ் விடவும் கிடைக்க வேண்டிய பணமே.

பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2000-இல் தொடங்கிய இத்திட்டத்தின் நான்காம் கட்டம் 2024 செப்டம்பரில் ஒப்புக்கொள்ளப்பட்டது. சமவெளியில் 2011 கணக்குப்படி 500 பேருக்குக் குறையாத, சாலை இணைப்பில்லாத குடியிருப்புகளுக்கே அதில் இடமுண்டு. கிராமப்புறத்துக்கு மட்டுமே உரிய திட்டம் அது. சரி, நகரத்தோடு சேர்ந்துவிட்டால் நகரத் திட்டம் கைகொடுக்குமா? 2023-இல் வந்த பி.எம். இ-பஸ் சேவைத் திட்டம் 10,000 மின்சார பஸ்களை அளிப்பது. ஆனால் அது பொதுவாக 3 லட்சம் ஜனத்தொகைக்கு மேற்பட்ட நகரங்களுக்கு உரியது. சிறு பேரூராட்சி அந்த வரம்பை எட்டுவது ஏது? கிராமப் படியை விட்டு இறங்கிய கால், நகரப் படியை எட்டாமல் அந்தரத்தில் நிற்கும். இணைப்பால் நன்மையே இல்லை என்று நாம் கூறவில்லை. இழப்பையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்க என்கிறோம்.

நெசவாளர்கள் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. 2011 கணக்கில், 5,000 பேரும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் நெருக்கமும், முதன்மைத் தொழிலாளரான ஆண்களில் 75 சதவீதத்தினர் விவசாயமல்லாத தொழிலிலும் இருந்தால், பஞ்சாயத்தாக உள்ள ஊரும் ‘கணக்கெடுப்பு நகரம்’ எனப்பட்டது. கைத்தறி விவசாயமன்று. எனவே தறிகள் மிகுந்த பெரிய கிராமம், பஸ் வசதியில் கிராமமாகவே இருந்துகொண்டு, கணக்கில் நகரமாகிவிடலாம்.

இத்தொல்லை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் நகரப்பகுதியின் ஜனத்தொகை 50,000-ஐத் தாண்டினால் பஸ் மானியம் ஒரு வழியாகவும், குறைந்தால் மாநிலத்தின் மூலம் வேறு வழியாகவும் வருகிறது. 2 லட்சத்தைத் தாண்டினாலோ, அப்பணத்தை டிரைவர் சம்பளத்துக்கும் எண்ணெய்க்கும் செலவிடப் பொதுவாக அனுமதியில்லை. பஸ்கள் அவையே, பிரயாணிகளும் அவர்களே. எண் மாறப் பணத்தின் வழி மாறுகிறது.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் பொருட்டு எல்லைகளை 2025 டிசம்பர் 31-க்குள் முடிவு செய்யுமாறு மாநிலங்களுக்குக் கூறப்பட்டது. கணக்கு முடிந்தபின் கோடுகள் மீண்டும் அசையலாம். ஆகையால் ஒவ்வொரு சங்கமும் செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, குடியிருப்பின் பெயரும், வீட்டார் தொகையும், தொழிலும் கணக்கில் பிழையின்றி ஏறச் செய்தல். வேலைக்காக வீட்டில் இல்லாதவரைக் குறித்துக் கணக்கெடுப்பாளரிடம் விவரமாகக் கூறுக.

இரண்டாவது, இணைப்புப் பேச்சு எழுந்தவுடன் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுதல். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை சபை கூடும் நாட்கள். அனுமதி பெற்ற சாலைப் பணிகளும் நடப்பிலுள்ள பஸ் நடைகளும் தொடர வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதுக.

மூன்றாவது, சங்கத்தில் ஒரு பஸ் பதிவேடு வைத்தல். பஸ் வரும் நேரம், ஏறுவோர் தொகை, பஸ்ஸே போகாத பாதையின் நீளம் ஆகியவற்றைக் குறித்து வருக. 2025 ஜூனில் தஞ்சையில் தொடங்கப்பட்ட புதிய மினி பஸ் திட்டம் 25 கிலோமீட்டர் வரையுள்ள வழித்தடங்களுக்கானது. வேறு பஸ் போகாத பாதையே அதில் முக்கிய அளவுகோல். அத்தகைய பாதை எங்குள்ளது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நம்மினும் நன்றாக எடுத்துரைப்பவர் யார்?

அந்த நெசவாளருக்கு நாம் கூறும் விடை இதுவே: பஸ் இருப்பதும் போவதும் எல்லைக் கோட்டில் மட்டும் இல்லை; கோடு போடுமுன் நாம் எழுதி வைத்த கணக்கிலும் இருக்கிறது. தலைப்பில் மதகு திறக்கும் வேளையில் கடைமடைக்காரரும் அங்கே நிற்க வேண்டும். தனியாக நிற்பவர் குரல் எட்டாது. சங்கமாக நின்றால் எட்டும்.