கெலுகோர் என்னும் சொல்லும் பழைய எழுத்துருக்களும்

தொண்ணூறுகளின் இணையத்தை நினைவுகூர்வோர், தொலைபேசிக் கம்பி வழியே மோடம் எழுப்பிய கீச்சொலியை முதலில் சொல்வர். தமிழர்க்கு மற்றுமொரு நினைவும் உண்டு. தமிழ் தோன்ற வேண்டிய திரையில் கேள்விக்குறிகளும் பிரெஞ்சு எழுத்துகளும் விரவிக் கிடந்த காட்சி அது. இன்று அதனைச் சிரித்துக்கொண்டே பேசுகிறோம். எனினும் அது முற்றும் கடந்துபோன செய்தியன்று.

அக்கால எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. முதல் 128 இடங்கள் உரோமன் எழுத்துகளுக்கும் கட்டளைக் குறிகளுக்கும் உரியவை. இந்த 256 இடங்களில் தமிழை எவ்வாறு அமைப்பது என்பதில் ஆளுக்கொரு முறை இருந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு ஒருபுறம். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் வழங்கிய மயிலை மற்றொருபுறம். 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தாம், தாப் என்னும் குறியாக்கங்கள் வந்தன. இணைய ஆர்வலர்களோ டிஸ்கியை வளர்த்தனர். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலாது.

நம் ஊரான தாசேக் கெலுகோரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘கெலுகோர்’ என்பதை டிஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கும்: முதலில் ஒற்றைக்கொம்பு, பின்னர் ‘க’, அதன்பின் ‘லு’ என்னும் முழு வடிவம், அடுத்து இரட்டைக்கொம்பு, ‘க’, கால், ‘ர்’. ஆக ஏழு குறிகள். யூனிகோடு ஒலிப்பு வரிசையைப் பின்பற்றுகிறது. அதில் ‘க’ முன்னும் கொம்பு பின்னுமாக நிற்கும். ‘லு’, ‘ர்’ இரண்டும் பிரிந்து இவ்விரு குறிகளாகும். ஓகாரக் குறியோ ஒன்றே. ஆக எட்டு. ஆதலின் பழைய கோப்பை மாற்றுதல் எழுத்துருவை மாற்றுவதோடு முடிவதில்லை. வரிசையையும் திருப்ப வேண்டும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அந்நாளில் தட்டச்சிட்ட வினாத்தாள்கள், ஆண்டுமலர்க் கட்டுரைகள், மாணவர் கவிதைகள் எத்தனையோ 1.44 மெகாபைட் நெகிழ்வட்டுகளில் முடங்கியிருக்கக்கூடும். காந்தப் பூச்சு நாள்பட நலியும். ஆகவே முதல் வேலை, உள்ளதை அப்படியே படியெடுத்தல். மூலத்தைத் திருத்திச் சேமித்தல் ஆகாது. சொற்செயலிக் கோப்பாயின் எழுத்துருவின் பெயர் உள்ளேயே பதிந்திருக்கும். அதற்குரிய மாற்றி கிடைத்தால் வேலை எளிது. வெற்றுரைக் கோப்பில் அப்பெயர் இராது. அங்கே மாணவர் பெயர்ப்பட்டியல் உள்ள பக்கத்திலிருந்து தொடங்கலாம். அறிந்த பெயர்களைக் கொண்டு அறியாத குறிகளை ஒவ்வொன்றாக இனங்காண முடியும்.