புடவைக்குக் கமிஷன் இல்லை, புட்டாவுக்கு உண்டு!

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறியியல் துறை மாணவன்)

காஞ்சிபுரத்துப் பக்கம் இருக்கிற நமக்குக் கமிஷன் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோயில் வாசலில் வந்து இறங்கும் வெளியூர்க்காரரை, "நல்ல பட்டு வேணுமா சார்? நான் காட்றேன் வாங்க" என்று ஆட்டோக்காரர் அழைத்துப் போவார். கடையில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு புடவை விலைக்குள் எங்கோ உட்கார்ந்திருக்கும். வாங்குகிறவருக்கும் அது தெரியாது, நெய்தவருக்கும் தெரியாது.

அதே கமிஷன் செல்போனுக்குள்ளும் இருக்கிறது என்பது எனக்குப் போன செமஸ்டர் வரை தெரியாது. எங்கள் புராஜெக்ட் குழுவில் நான்கு பேர். திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் வீட்டில் தறி ஓடுவதால் யோசனை என்னுடையது. கிராப் தாளில் புட்டா போட்டுப் பழகுவதைப் போல, செல்போனில் கட்டம் கட்டமாகத் தொட்டு டிசைன் போட ஒரு ஆண்ட்ராய்டு ஆப். மயில், மாங்காய், அன்னம் எல்லாம் வரும். ஜக்கார்டு அட்டை அடிக்கும் முன்பே டிசைன் எப்படி விழும் என்று பார்த்துக்கொள்ளலாம். ஆப் நன்றாகவே ஓடியது. எங்கள் சார்கூட "பரவாயில்லைப்பா" என்றார் (அவர் வாயில் அது பெரிய பாராட்டு!). உடனே நண்பன் ஒருவன், "டேய், இதுக்கு மாசம் முப்பது ரூபா வாங்கலாமா?" என்று கேட்டான். அவன் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. நீங்கள் ஒரு ஆப் வைத்து அதில் இருபதாயிரம் ரூபாய்ப் பட்டுப்புடவையை விற்றால், பிளே ஸ்டோர் நடத்தும் கூகுளுக்கு அந்த விற்பனையில் ஒரு பைசா தர வேண்டாம். பஸ் டிக்கெட், மளிகை, சாப்பாடு எதற்கும் அப்படித்தான். கையில் தொடக்கூடிய சரக்கு, வெளியில் நடக்கிற சேவை ஆகியவற்றுக்குக் கமிஷன் கிடையாது. ஆனால் அந்தப் புடவையில் இருக்கிற புட்டாவை மட்டும் டிசைனாக ஆப்புக்குள் விற்றால் அது டிஜிட்டல் சரக்கு. அதற்குப் பங்கு உண்டு! பணமும் கூகுளின் கல்லா வழியாகவே வரவேண்டும் என்பது பழைய விதி.

பங்கு எவ்வளவு? ஆப்பிள் 2008 ஜூலையில் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது நூற்றுக்கு 30 என்று வைத்தது. கூகுளும் அதே வழியில் நடந்தது. நூறு ரூபாய் சந்தா கட்டினால் முப்பது அவர்களுக்கு, எழுபது எழுதியவனுக்கு. எதிர்ப்பு வலுத்த பிறகு, ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலருக்குள் இருக்கும் சிறியவர்களுக்கு ஆப்பிள் 2021 ஜனவரியிலிருந்து 15 சதவீதம் ஆக்கியது. கூகுள் 2021 ஜூலையிலிருந்து ஒவ்வொருவருடைய முதல் பத்து லட்சம் டாலருக்கும் 15 என்றது. 2022 ஜனவரியிலிருந்து மாதச் சந்தா, வருடச் சந்தா எல்லாவற்றுக்கும் 15 ஆனது.

அவர்கள் சும்மா வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டை உருவாக்கியவர்கள் அவர்கள். வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். உலகம் முழுவதும் கொண்டு போய்ச் சேர்க்கிறார்கள். இலவச ஆப்களிடம் விற்பனைப் பங்கு வாங்குவதில்லை. 2024-ல் கூகுள் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் பிளே ஸ்டோரைப் பயன்படுத்தும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட டெவலப்பர்களில் 3 சதவீதம் பேர்தான் கட்டணம் கட்ட வேண்டியவர்கள். 15 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டியவர்கள் அறுபது பேர்கூட இல்லை. அப்படியானால் இவ்வளவு சண்டை எதற்கு?

அந்தச் சண்டையின் முக்கியமான களம் நம் சென்னைதான். பாரத்மேட்ரிமோனி தெரியாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய மேட்ரிமோனி டாட் காம் சென்னைக் கம்பெனி. வரன் பார்க்கச் சந்தா கட்டுகிறோம். பெண் பார்ப்பது வீட்டில் நடக்கிறது, கல்யாணம் மண்டபத்தில் நடக்கிறது, மொய் நோட்டிலும் ஏறுகிறது. ஆனாலும் கூகுள் கணக்கில் அந்தச் சந்தா டிஜிட்டல் சேவை! அந்தக் கம்பெனியும் வேறு சில கம்பெனிகளும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. இது இந்தியப் போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்று தனி நீதிபதி 2023 ஆகஸ்டில் மனுக்களை நிராகரித்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் இடைக்காலத் தடை தர மறுத்தது.

2024 மார்ச் 1, வெள்ளிக்கிழமை. நீண்ட நாளாகக் கட்டணம் கட்டாத பத்துக் கம்பெனிகள் என்று சொல்லி அவற்றின் ஆப்களைக் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து எடுக்கத் தொடங்கியது. பாரத்மேட்ரிமோனி, ஷாதி, நவுக்ரி, 99 ஏக்கர்ஸ், குக்கூ எஃப்எம் எல்லாம் போயின. ஏற்கெனவே போனில் வைத்திருந்தவருக்கு ஓடும். புதிதாகத் தேடுகிறவருக்குக் கடையே இருக்காது. மறுநாள் மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் இதை அனுமதிக்க முடியாது என்றார். பேச்சுவார்த்தை நடந்து, மார்ச் 5-ல் ஆப்கள் தற்காலிகமாகத் திரும்பி வந்தன. இவ்வளவு பெரிய கம்பெனியின் கடையையே ஒரு வெள்ளிக்கிழமையில் மூட முடிகிறது என்றால், நான்கு மாணவர்களின் புட்டா ஆப் எந்த மூலைக்கு?

சரி, வேறு வழியில் பணம் வாங்க விடவில்லையா என்று கேட்பீர்கள். விட்டார்கள். அதில்தான் கணக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 25-ல், பிளே ஸ்டோர் கட்டண விதிகளில் கூகுள் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அடுத்தவரின் பணம் வாங்கும் முறையையும் அனுமதிக்க வேண்டும் என்றது. அதன் பிறகு, பணம் கட்டுகிறவர் கூகுள் கல்லாவையோ டெவலப்பரின் கல்லாவையோ தேர்ந்தெடுக்கலாம் என்று வழி வந்தது. டெவலப்பரின் கல்லாவில் கட்டினால் கூகுளின் பங்கு 4 சதவீதம் குறையும். அதாவது 15 என்பது 11 ஆகும், 30 என்பது 26 ஆகும்.

நூறு ரூபாய்க்குப் போட்டுப் பார்ப்போம். கூகுள் கல்லாவில் கட்டினால் 15 போய் நமக்கு 85. நம் கல்லாவில் கட்டினால் கூகுளுக்கு 11. பணம் வாங்கிக் கொடுக்கும் கேட்வே கம்பெனிக்குச் சுமார் 2 என்று வையுங்கள். மீதி 87. இவ்வளவு கோர்ட்டு, ஆணையம், அபராதம் எல்லாம் முடிந்து மிச்சம் இரண்டு ரூபாய்! (ஜிஎஸ்டியை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் தலை சுற்றும்.) பணத்தை நாமே வாங்கினாலும், பணம் வாங்கித் தராதவருக்குப் பதினோரு ரூபாய் தர வேண்டும். ஆட்டோவில் ஏறாமல் நடந்தே கடைக்கு வந்த வாடிக்கையாளருக்கும் ஆட்டோக்காரருக்குப் பங்கு தருவது போலத்தான் இது எனக்குத் தோன்றுகிறது. முதல் தடவை அழைத்து வந்ததற்குக் கொடுப்பது நியாயம். மாசாமாசம் அதே ஆள் தானாக வரும்போதும் கொடுப்பதா?

நம் நாட்டில் இது இன்னும் உறுத்துவதற்கு யூபிஐ ஒரு காரணம். 2016-ல் வந்த யூபிஐ-யில் 2020 ஜனவரி 1 முதல் கடைக்காரரிடம் எம்டிஆர் என்ற கட்டணம் பிடிக்கக்கூடாது என்று ஆனது. அதனால்தான் டீக்கடையில்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது. பத்து ரூபாய் டீக்குப் பத்து ரூபாயும் டீக்கடைக்காரருக்குப் போகிற ஊரில், பதினைந்து ரூபாய் பிடித்தம் என்றால் யாருக்கும் கணக்குக் கேட்கத் தோன்றும்தானே!

அபராத விஷயம் அதோடு முடியவில்லை. 2025 மார்ச் 28-ல் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. தவறே இல்லை என்று சொல்லவில்லை. பிறகு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். தென்கொரியா 2021-லேயே, ஒரே கல்லாவைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று சட்டம் போட்டது. அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் விளையாட்டை வெளியிடும் எபிக் கம்பெனி 2020 ஆகஸ்டில் தன் ஆப்புக்குள்ளேயே தனிக் கல்லா வைத்தது. ஆப்பிளும் கூகுளும் அதைத் தூக்கின. எபிக் வழக்குப் போட்டது. வெளியில் பணம் கட்ட லிங்க் கொடுக்கலாம் என்று கோர்ட் சொன்ன பிறகும், அந்த வழியாக வரும் பணத்தில் ஆப்பிள் 27 சதவீதம் கேட்டது. 2025 ஏப்ரல் 30-ல் அதே நீதிபதி, இது கோர்ட் உத்தரவை மீறியது என்று கண்டித்துத் தடுத்தார். 30-க்கு 27, 15-க்கு 11. இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

என் கருத்து இது. கமிஷன் தப்பில்லை. இன்னொரு வாசல் இல்லாதபோதுதான் அது தப்பாகிறது. காய்கறியில் கமிஷன் மண்டிகள் காலகாலமாக இருந்தன. கலைஞர் 1999 நவம்பரில் மதுரையில் உழவர் சந்தையைத் திறந்தபோது மண்டிகளை மூடவில்லை. விவசாயி நேராக விற்கப் பக்கத்தில் இன்னொரு வாசல் திறந்தார், அவ்வளவுதான். ஆப்களுக்கும் அப்படி ஒரு முயற்சி நடந்தது. போன்பே நிறுவனம் 2024 பிப்ரவரியில் இண்டஸ் ஆப்ஸ்டோர் என்று தனிக்கடை திறந்து, எந்தக் கேட்வே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் புதுப் போன் வாங்கும்போதே பிளே ஸ்டோர் உள்ளே இருக்கிறது. மற்றதை நாம்தான் தேடிப் போட வேண்டும். போடும்போது போன் எச்சரிக்கையும் காட்டும். எங்கள் தெருவில் அதைப் பார்த்துப் பயப்படாமல் அடுத்த பட்டனை அமுக்குகிறவர் குறைவு.

இதையெல்லாம் ஒருநாள் ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அவர் கமிஷன் எவ்வளவு என்று கேட்கவில்லை. "பணம் கட்னவங்க யாருன்னு உனக்குத் தெரியுமாடா?" என்றார். கூகுள் கல்லாவில் கட்டினால் ஆர்டர் நம்பர் வரும், கட்டியவரின் போன் நம்பர் வராது என்றேன். "நானும் இருபத்தஞ்சு வருஷமா நெய்யறேன். என் புடவைய யார் கட்னாங்கன்னு ஒருத்தரையும் தெரியாது. நீயுமா?" என்றார். கமிஷன் சதவீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது சுருக்கென்றது.

கூகுள் விதியிலேயே இன்னொரு வழி இருந்தது. ஆப்புக்குள் எதையும் விற்காமல், வெளியே பணம் கட்டியவர் உள்ளே வந்து பயன்படுத்த மட்டும் வைக்கலாம். அதற்குப் பங்கு கிடையாது. ஆனால் வெளியே போய்க் கட்டுங்கள் என்று ஆப்புக்குள் லிங்க் போட முடியாது. பெரிய கம்பெனிக்கு விளம்பரம் இருக்கிறது, எங்களுக்கு என்ன இருக்கிறது என்று விழித்தோம். "உள்ள ஒட்டக்கூடாதுன்னா தறிக்கூடத்து வாசல்ல ஒட்டேன்" என்றார் அப்பா.

புதிதாகக் கணக்குத் திறக்க 25 டாலர். தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு பேரும் எங்கள் தெரு நெசவாளர்கள்தான். ஆப் இலவசமாகவே ஏறியிருக்கிறது. கூடுதல் டிசைன் வேண்டுமென்றால் மாதம் முப்பது ரூபாய். க்யூஆர் அட்டை மூன்று தறிக்கூடங்களின் வாசலிலும் ஒரு டீக்கடையிலும் ஒட்டியிருக்கிறது. இதை எழுதும் வரை ஏழு பேர் கட்டியிருக்கிறார்கள். ஏழு பேரின் பெயரும் எனக்குத் தெரியும். அதில் ஒருவர், கோர்வைக் கரைக்குத் தனியாகக் கட்டம் வேண்டும் என்று வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.