நம்மால ஆகுமுங்களா?

கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு லேத் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மெஷின், மூன்று ஆள். பம்பு கம்பெனியிலிருந்து டிராயிங் வந்திருக்கிறது: இருநூறு ஷாஃப்ட், 50 மைக்ரான் டாலரன்ஸ். உரிமையாளர் பத்து வருடம் வேறொரு கம்பெனியில் இதே ஷாஃப்டை அசால்ட்டாகக் கடைந்தவர்தான். சொந்தப் பட்டறை போட்டபின் கொட்டேஷன் எழுத உட்கார்ந்தால் கை ஓட மாட்டேன் என்கிறது. பக்கத்துப் பட்டறைக்காரரிடம் போய், “ஏனுங்ணா, இது நம்மால ஆகுமுங்களா?” என்று கேட்கிறார். திரும்பி வந்து, கட்டுபடியாகாத ரேட்டைப் போட்டு அனுப்புகிறார்.

கைத்திறன் குறையவில்லை. அப்படியானால் குறைந்தது எது?

சம்பளத்துக்கு வேலை பார்த்தபோது பீஸ் சரியா தப்பா என்பது அன்றைக்கே இன்ஸ்பெக்‌ஷனில் தெரிந்துவிடும். முதலாளி ஆனவருக்கு அந்த வசதி கிடையாது. ஆர்டர் கைநழுவினால் ரேட் காரணமா, டெலிவரி காரணமா, அல்லது அந்தக் கம்பெனிக்கே அந்த மாதம் வேலை இல்லையா, யாரும் சொல்வதில்லை. காரணம் தெரியாத இடத்தில், பழியைத் தன் மேலேயே போட்டுக்கொள்வது மனசுக்குச் சுலபம். 1978-இல் பாலின் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 150-க்கும் மேற்பட்ட சாதனைப் பெண்களிடம் கண்டது இதற்குப் பக்கத்து வீடு: பட்டமும் பதவியும் இருந்தும், ஊரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம், என்றைக்காவது குட்டு உடையும் என்ற பயம். ஆண்களும் இதற்கு விலக்கல்ல என்று பின்னால் தெரியவந்தது.

கிளான்ஸ், ஐம்ஸ் ஆய்வுக்கு முந்தைய வருடம், 1977-இல், ஸ்டான்ஃபோர்டின் ஆல்பர்ட் பந்துரா தன்னம்பிக்கை என்ற பெரிய மூட்டையை அவிழ்த்துப் பிரித்திருந்தார். ‘நான் திறமைசாலி’ என்ற பொதுவான நினைப்பு வேறு, ‘இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்ய முடியும்’ என்ற கணிப்பு வேறு என்றார். இரண்டாவது நாலு வழியில் வருகிறதாம். தானே செய்து முடித்த அனுபவம். நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. பிறர் சொல்லும் ஊக்கச் சொல். படபடப்பு, வயிற்றைப் பிசைவது போன்ற உடம்பின் குறிகளை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. நாலில் வலுவானது முதலாவது. வெறும் சொல் அதற்கு ஈடாகாது. சுவரில் மாட்டியிருக்கும் ‘உன்னால் முடியும்’ படத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் வெர்னியரை மாட்டலாம் என்பேன். இருநூறு ஷாஃப்ட் முடியுமா என்று ராத்திரி முழுக்க யோசிப்பதைவிட ஒரே ஒரு பீஸைக் கடைந்து அளந்து பார்ப்பது பலனுள்ள வைத்தியம்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் கோவை பாப்பநாயக்கன்புதூர் அருணாசலம் முருகானந்தம். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, வெல்டிங் பட்டறையில் வேலை கற்றவர். 1998-இல் மனைவிக்காகப் பஞ்சை வைத்து சானிட்டரி நாப்கின் செய்தார், உதவவில்லை. கால்பந்தின் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு தானே சோதித்தார். பேய் பிடித்திருக்கிறது என்று ஊர் சொன்னது. மனைவியும் தாயும் வீட்டை விட்டுப் போனார்கள். ஊக்கச் சொல் என்ற மூன்றாவது வழி அவருக்கு அடியோடு அடைபட்டிருந்தது. அவர் பிடித்துக்கொண்டதோ ஒரு சின்னக் கேள்வியை: கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது என்ன? வெளிநாட்டு உற்பத்தியாளர்களுக்குப் போன் போட்டு, ‘கோயம்புத்தூரில் மில் ஓனர்’ என்று சொல்லி சாம்பிள் கேட்டார். (குட்டு உடைந்துவிடுமோ என்று நிஜமாகவே பயப்பட வேண்டியவர் இவர்தான்!) பார்சலில் அட்டை போன்ற பலகைகள் வந்தன. மரக்கூழில் செய்த செல்லுலோஸ். இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வருடத்துக்கு மேல். அதை உடைத்துப் பஞ்சாக்கி அழுத்தும் சிறு மெஷினுக்கு இன்னும் நாலரை வருடம். 2016-இல் பத்மஸ்ரீ வந்தது.

இப்படிச் சிறு அடியாகத் தானே முன்வந்து செய்யும் பழக்கத்தைச் சொல்லித்தர முடியுமா? ஆப்பிரிக்காவின் டோகோவில் 1,500 சிறுதொழில்காரர்களைப் பிரிவுகளாக்கிப் பார்த்தார்கள். கணக்கு, மார்க்கெட்டிங் என்ற வழக்கமான பயிற்சி பெற்றவர்களின் லாபம் 11 சதவீதம் ஏறியது. புள்ளியியல்படி அதை உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. தானாக முன்வருவது, தடையை முன்கூட்டிப் பார்ப்பது என்ற பயிற்சி எடுத்தவர்களுக்கு 30 சதவீதம். 2017-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இது.

சந்தேகமே கூடாது என்பதும் சரியல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி வான்கூவரின் விளையாட்டுச் சோதனைகளில், தம்மால் முடியும் என்று மிதப்பாக இருந்தவர்கள் அடுத்த ஆட்டத்தில் அதிகம் தப்பு செய்தார்கள். டிராயிங்கைச் சந்தேகப்படலாம், அளவைச் சந்தேகப்படலாம். அப்போது திரும்ப அளந்து பார்க்கத் தோன்றும். தன்னையே சந்தேகப்பட்டால் அளக்க எதுவும் கையில் இல்லை.

பந்துரா சொன்ன இரண்டாவது வழிக்கு, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதற்கு, நெருக்கமான ஒரு சாட்சி நம் நாட்டிலேயே உண்டு. அகமதாபாத்தில் சேவா வங்கியின் பெண் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் தொழில் பயிற்சி. சிலரைத் தனியாக வரச் சொன்னார்கள், சிலரைத் தோழியோடு. பாடம் ஒன்றுதான். நாலு மாதம் கழித்துப் பார்த்தபோது, தோழியோடு வந்தவர்கள் தொழிலுக்குக் கடன் வாங்கி முன்னேறியிருந்தார்கள். தனியாக வந்தவர்களிடம் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை.