மின்வண்டியின் நோய்முதல்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே செல்வோர், கடலை ஒட்டிக் கிடக்கும் சல்லி என்னும் சிற்றூரை அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலைக் கொண்டே அறிவர். உவர்க்காற்று இரும்பை எவ்வாறு தின்னும் என்பதை அவ்வூர் மீனவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயின் அக்காற்றுச் செம்பையும் தின்னும் என்பதும், தின்ற இடம் கண்ணுக்கு எளிதிற் புலனாகாது என்பதும் யான் பிந்தியே உணர்ந்த உண்மைகள்.

அவ்வூருக்கு அண்மையில் ஒரு கடற்கரை விடுதியிலே, விருந்தினரின் பொதிகளைச் சுமக்கும் மின்வண்டி ஒன்று இருந்தது. கோல்ப் விளையாட்டுத் திடல்களுக்கென ஆக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது அது. ஒரு நாள் அவ்வண்டி நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவர், வேகத்தை ஆளும் மின்னணுக் கட்டுப்படுத்தியே கெட்டது என்று துணிந்து, ஓராசிரியரின் மாதச் சம்பளத்தை விழுங்கும் விலையிற் புதியதொன்றைக் கொழும்பிலிருந்து வருவித்துப் பூட்டினார். வண்டி அசையவில்லை. பின்னர்ப் பெருந்தொடுகை ஆளியை மாற்றினார். அப்போதும் அசையவில்லை. பௌதிகம் கற்பிப்பவன் என்ற ஒரே தகுதி பற்றி யான் அழைக்கப்பட்டேன். என் கையில் இருந்ததோ ஓர் உவோற்றுமானி மட்டுமே.

இவ்வகை வண்டிகள் 1950களில் அமெரிக்காவிலே பெருகத் தொடங்கின. இன்றும் பெயர் பெற்று விளங்கும் ஈ-இசட்-கோ நிறுவனம் 1954இல் ஜோர்ஜியா மாநிலத்து ஒகஸ்ரா நகரிலே தோன்றியது. நம் மாவட்டத்திலும் சீனன்குடாவில் விமானப்படையினர் பேணும் கோல்ப் திடல் உண்டு. எனினும் கோல்ப் மட்டையைக் கண்ணாற் காணாதவர்க்கும் இவ்வண்டி விடுதிகளிலும் விமான நிலையங்களிலும் இன்று அறிமுகமானதே.

வண்டியினுள் இரண்டு மின்சுற்றுகள் உள்ளன என்பதை முதலிற் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஒன்று சிறியது. சாவி, மிதியின் கீழுள்ள நுண்ணாளி, முன்னும் பின்னும் செலுத்தும் ஆளி ஆகியவற்றினூடாகச் சிற்றளவான மின்னோட்டத்தைக் கொண்டு செல்லும் மெல்லிய கம்பிகளால் ஆயது. மற்றது பெருவழி. பற்றரிகள், தடித்த வடங்கள், பெருந்தொடுகை, கட்டுப்படுத்தி, மோட்டர் என்னும் இவற்றினூடே வண்டி மேட்டில் ஏறுங்கால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். சிறிய சுற்றின் தொழில் பெருவழியின் கதவைத் திறத்தலே. அக்கதவே சொலனோயிட்டு எனத் தொழிலாளர் வழங்கும் பெருந்தொடுகை ஆளி. மிதியை அழுத்தியதும் அது 'டக்' என்று ஒலிக்கும். அவ்வொலி கேட்கிறதா, இல்லையா? கேளாவிடின் சிறிய சுற்றையோ தொடுகையின் சுருளையோ ஐயுறலாம். கேட்பின் பெருவழியை ஆராயலாம். செலவின்றித் தேடலைப் பாதியாகக் குறைக்கும் வினா இது. விடுதி வண்டியில் அவ்வொலி தெளிவாகக் கேட்டது. ஆகவே பெருவழியில் இறங்கினேன்.

பெருவழியின் தலைவாயில் பற்றரி. ஈய அமிலச் சேமிப்புக்கலத்தைப் பிரான்சு நாட்டுப் பிளாந்தே 1859இல் அமைத்தார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. 8 உவோற்றுப் பற்றரிகள் ஆறு தொடராக நின்று 48 உவோற்றுத் தருவது பல வண்டிகளின் அமைப்பு. முழுதும் மின்னேறி ஓய்ந்திருக்கும் பற்றரி ஏறக்குறைய 8.5 உவோற்றுக் காட்டும். அதன் அமிலத்தின் தன்னீர்ப்பு 1.265க்கும் 1.280க்கும் இடையில் நிற்கும். (இக்காலத்து இலிதியப் பற்றரிகளுக்கு இவ்வளவுகள் பொருந்தா.) ஆனால் ஓய்விற் காட்டும் அளவை மட்டும் நம்புதல் தவறு. நலிந்த பற்றரியும் ஓய்விலே நலமுடையதுபோல் நடிக்கும். வண்டியை மேட்டில் ஏறவிட்டு, ஒவ்வொரு பற்றரியின் முனைகளிலும் அளவெடுத்தல் வேண்டும். ஏனையவை 8 உவோற்றை ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் 6 உவோற்றளவிற்கு வீழுமாயின், அதனுள் ஒரு கலம் மடிந்தது எனக் கொள்ளலாம்.

பற்றரிக்கு ஊற்றுவது காய்ச்சி வடித்த நீராக இருத்தல் வேண்டும். கடற்கரைக் கிணற்று நீரிலுள்ள குளோரைட்டுத் தகடுகளைக் கெடுக்கும். மின்னேற்றும் வேளையில் வெளியேறும் ஐதரசன் காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே வெடிக்கவல்லது. மழைக்கஞ்சிக் கதவுகளை அடைத்த கொட்டகையில் இரவு முழுதும் மின்னேற்றுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

விடுதி வண்டியின் ஆறு பற்றரிகளும் ஓய்வில் 50.4 உவோற்றுத் தந்தன. கட்டுப்படுத்தியின் வாயிலிலும் அதே அளவு. மிதியை அழுத்தியதும் வாயிலில் இருந்தது 11 உவோற்று மட்டுமே. பற்றரிகளோ தனித்தனியே 8.3 குறையாது நின்றன. எஞ்சிய 39 உவோற்று எங்கே போயிற்று?

ஓம் 1827இல் வெளியிட்ட விதியே இதற்கு விடை தரும். மின்னோட்டம் இல்லாதபோது தடையினால் இழப்பும் இல்லை. ஆதலின் அரித்துப்போன இணைப்பு ஓய்வு நிலையில் முழு அழுத்தத்தையும் காட்டும். ஓட்டம் தொடங்கியதும் அதன் வேடம் கலைந்துவிடும். 0.005 ஓம் என்பது மிகச் சிறிய தடை. ஆயினும் 200 அம்பியர் அதனூடே பாய்ந்தால் இழப்பு 1 உவோற்று, பிறக்கும் வெப்பம் 200 வாற்று. 40 வாற்றுப் பற்றாசுக் கோல்கள் ஐந்தை ஒருங்கே ஒரு முனையில் வைத்தாற்போன்ற வெப்பம் அது. 327 பாகையில் உருகும் ஈயமுனை இவ்வாறு இளகி வழிந்திருப்பதைப் பழைய வண்டிகளிற் காணலாம். ஆறு பற்றரிகளுக்கு முனைகள் பன்னிரண்டு; ஒவ்வொன்றும் ஐயத்திற்குரியதே.

சோதிக்கும் முறை எளிது. உவோற்றுமானியின் ஒரு கூரைப் பற்றரியின் ஈயமுனையிலும், மற்றதை அதனோடு பிணைந்த வடத்தின் செம்பிலும் வைத்து மிதியை அழுத்தச் செய்க. நல்ல இணைப்பாயின் மானி சுழியத்தை விட்டு அகலாது. மூன்றாம் பற்றரியை நான்காவதோடு பிணைத்த வடத்திலே, மறைந்திருந்த 39 உவோற்றும் அகப்பட்டன. வெளித்தோற்றத்தில் அவ்வடத்திற்கு ஒரு குறையும் இல்லை. உறையைக் கீறிப் பார்த்தபோதுதான், செம்பிழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடற்றுவலை வடத்தின் வாய்வழியே உள்ளே புகுந்து தன் தொழிலை முடித்திருந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்தல் நலம். பற்றரி முனையிற் பூக்கும் வெள்ளையும் நீலமுமான பொருக்கு அமிலத்தால் வருவது. அப்பச்சோடாவை நீரிற் கரைத்து ஊற்றினால் நுரைத்து அடங்கும். உப்பினால் வரும் பச்சைக்கு அப்பச்சோடா மருந்தன்று. முனையாயின் நன்னீராற் கழுவிச் சுரண்டி, உலர்த்தி, இறுக்கியபின் மசகு பூச வேண்டும். வடத்தினுள்ளே பச்சை பரவியிருப்பின் வடத்தையே மாற்றுதல் ஒன்றே வழி. இரண்டையும் ஒன்றெனக் கருதிக் கழுவிவிட்டுப் போவோர் பலர்.

இனிப் பெருந்தொடுகை. ஒலி கேட்டும் அதன் இரு பெருமுனைகளுக்கிடையே பற்றரியின் முழு அழுத்தமும் நிற்குமாயின் உள்ளிருக்கும் தொடுகைகள் கரிந்தன. ஒலி கேளாது, சுருளின் சிறுமுனைகளில் உரிய அழுத்தம் வந்து சேர்ந்திருப்பின் சுருள் அறுந்தது. மாற்றும்போது முதலிற் பற்றரித் தொகுதியின் பிரதான எதிர்முனை வடத்தைக் கழற்றுக. மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றை அகற்றித் திருகுசாவியின் பிடிக்கு நாடா சுற்றுக; முனைகளுக்குக் குறுக்கே சாவி விழுந்தால் அது கணத்திற் செந்தீயாகும். சுருளுக்குக் குறுக்கே நிற்கும் இருவாயியின் வெண்கோட்டு முனை நேர்முனையை நோக்கி இருத்தல் வேண்டும். மாறினால் குறுஞ்சுற்றாகி, புதுப்பொருளும் முதல் மிதியிலேயே புகையும். பெருமுனைகளுக்கிடையே சில நூறு ஓம் தடை ஒன்று இருக்கும். கட்டுப்படுத்தியிலுள்ள கொள்ளளவிகளை மெல்ல நிரப்பித் தொடுகையிற் பொறி பறவாமற் காப்பது அதுவே. பழைய தொடுகையோடு அதனையும் எறிந்துவிடுதல் வழக்கமாகிவிட்ட பிழை.

கட்டுப்படுத்தியைப் பற்றிச் சுருங்கக் கூறலாம். நொடிக்குப் பல்லாயிரம் முறை ஓட்டத்தை விட்டும் தடுத்தும் வேகத்தை ஆள்வது அது. அழுத்தம் அதன் வாயிலுக்குக் குறையாது வந்து, மிதியின் மாறுந்தடையும் (பல வண்டிகளில் 0 முதல் 5000 ஓம் வரை) ஒழுங்காய் மாறி, மோட்டர்ப் பக்கம் ஒன்றும் வெளிவராதபோதே அதனைக் குறை கூறலாம். கழற்றுமுன் அதன் முனைகளை ஒரு மின்குமிழ் வழியாக இணைத்து, கொள்ளளவிகளில் தங்கிய மின்னை இறக்குதல் வேண்டும்.

மோட்டரைத் தனியே சோதிக்க விழைவோர்க்கு ஓர் எச்சரிக்கை. தொடர்ச் சுற்று மோட்டர் சுமையின்றி முழு அழுத்தம் பெறின், வேகம் கட்டின்றி ஏறித் தன்னைத்தானே சிதைத்துக் கொள்ளும். பின்சக்கரங்களை உறுதியான தாங்கிகளில் உயர்த்தி, 12 உவோற்று மட்டும், அதுவும் சில நொடிகளே தருக. தூரிகைகள் தேய்ந்திருப்பின் நான்கையும் ஒருங்கே மாற்றுவது முறை.

விடுதி வண்டிக்கு வேண்டியிருந்தது ஒரு முழ நீளமான செப்பு வடம். பிற்பகலுக்குள் வண்டி ஓடிற்று. கழற்றி வீசப்பட்டிருந்த பழைய கட்டுப்படுத்தியை மறுநாள் மீளப் பூட்டிப் பார்த்தோம். அதிலும் ஓடிற்று.