சூரியனைப் படமெடுக்குமுன் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்

காவலூர் என்றால் நமக்கு இரவுதான் நினைவுக்கு வரும். ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் மரங்களுக்கு நடுவே தொலைநோக்கிகளின் குவிமாடங்கள் தலைகாட்டும். 1968-ல் ஒரு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணிக்க, ஆய்வகம் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது. எல்லாமே இருட்டை நம்பி வைத்த கருவிகள். சூரியனைக் கவனிப்பது, காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பு. 1899-ல் தொடங்கிய அந்த ஆய்வகம் 1904 முதல் சூரியனின் முழு வட்டத்தைப் படமெடுத்துச் சேர்த்து வருகிறது.

வார இறுதியில் காவலூருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் கேமராவோடு வருகிறவர்களோ பகலிலும் சும்மா இருப்பதில்லை. 2024-ல் சூரியனின் கரும்புள்ளிகள் கூடிக் குறையும் 25-ஆவது சுழற்சி உச்சத்தைத் தொட்டதிலிருந்து, அவற்றைப் படமெடுக்கும் ஆசை பலருக்கும் வந்துவிட்டது. சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலம் பற்றிப் பள்ளியில் படித்த பிள்ளைகள் அப்பாவின் கேமராவைக் கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அந்த லென்ஸின் முன்னால் மாட்டப்படும், இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய வடிகட்டி எங்கிருந்து வந்தது, யார் செய்தது, ரசீது எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. படம் நன்றாக வருமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்வி.

வெறும் கண்ணால் உச்சிச் சூரியனைப் பார்த்தால் இமை தானாக மூடிக்கொள்ளும். டெலிஃபோட்டோ லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது அந்த அனிச்சைச் செயலுக்கு அவகாசம் இல்லை. பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பதுபோல லென்ஸ் ஒளியைக் குவித்துவிடும். விழித்திரையில் வலியை உணரும் நரம்பு கிடையாது. அதனால் பாதிப்பு நேரும் கணத்தில் எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி, வளைந்து தெரியும் கோடுகள், மங்கிய நிறங்கள் என்று அது தலைகாட்டும். டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைப்பவர்கள்தான் இதில் முதல் பலி. மிரர்லெஸ் கேமராவில் நாம் பார்ப்பது சின்னத் திரையை. கண் தப்பிக்கும், சென்சார் கருகும்.

எதெல்லாம் வடிகட்டி அல்ல என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம், சி.டி. தட்டு, புகை பிடித்த கண்ணாடி, அருவியை நீளமாக எடுக்கப் பயன்படும் என்.டி. ஃபில்டர், எதுவும் ஆகாது. சில என்.டி. கண்ணாடிகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைத்துவிட்டு அகச்சிவப்பைத் தாராளமாக உள்ளே விடும். கிரகணத்தன்று தாம்பாளத்தில் சாணியோ மஞ்சளோ கரைத்த நீரில் சூரியனைப் பார்ப்பது நம் ஊர்களில் இன்னும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தெளிந்த நீர்ப்பரப்பு மேலிருந்து விழும் ஒளியில் ஏறக்குறைய 2 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். முறையான சூரிய வடிகட்டி விடுவது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டுக்கும் நடுவே சுமார் இரண்டாயிரம் மடங்கு இருக்கிறது. வெல்டிங் கண்ணாடியில் 14-ஆம் எண் சரி. வன்பொருள் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 10 அல்லது 11.

வடிகட்டி ஃபிலிமிலும் இரண்டு ரகம் உண்டு. ஒளியடர்த்தி 5 என்று குறித்தது கண்ணால் பார்ப்பதற்கும் படமெடுப்பதற்கும் ஆகும். 3.8 என்று குறித்தது படமெடுக்க மட்டும்; முந்தையதைப்போல் சுமார் பதினாறு மடங்கு ஒளியை விடும். விலையும் தோற்றமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால், தெரியாமல் 3.8-ஐ வாங்கிவிட்டுக் குழந்தைக்குக் கண்ணாடி செய்து கொடுப்பவர்கள் உண்டு. ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தரக்குறியீடு கையில் பிடித்துப் பார்க்கும் கிரகணக் கண்ணாடிக்கானது. அந்தக் கண்ணாடியை அணிந்துகொண்டு பைனாகுலரில் பார்க்கக் கூடாது. குவிந்த ஒளி அந்த ஃபிலிமைத் துளைத்துவிடும். ‘நாசா அங்கீகரித்தது’ என்று அட்டையில் போட்டிருந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம். நாசா எந்த நிறுவனத்தின் கண்ணாடியையும் அங்கீகரிப்பதில்லை.

வாங்கியதை மாட்டுமுன் ஒரு சோதனை. அறையை இருட்டாக்கி, எரியும் பல்புக்கு முன்னால் ஃபிலிமைப் பிடித்து, மெதுவாக நகர்த்துங்கள். பல்பின் இழையோ எல்.இ.டி. புள்ளியோ மிக மங்கலாகத் தெரியலாம். ஆனால் அதற்கு வெளியே ஊசிமுனை அளவு வெளிச்சம் எங்காவது மின்னினால் அந்த ஃபிலிம் குப்பைக்கு. மடிப்பு விழுந்த ஓரத்தில்தான் இந்தத் துளைகள் அதிகம் வரும். தேறியதை லென்ஸின் முன்பக்கம் மட்டுமே பொருத்த வேண்டும். கண் வைக்கும் பக்கத்தில் திருகும் சின்ன கறுப்புக் கண்ணாடிகள் சூட்டில் விரிந்து வெடிக்கும். மலையில் காற்று எப்போது சுழன்றடிக்கும் என்று சொல்ல முடியாது. நாலு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். தொலைநோக்கியின் தலைமேல் இருக்கும் சின்ன வழிகாட்டித் தொலைநோக்கியையும் மூடியாக வேண்டும், அதை மறப்பவர்கள்தான் அதிகம்.

படமெடுப்பது இதோடு ஒப்பிட்டால் சுலபம். சூரிய வட்டம் சென்சாரில் விழும் அளவு, லென்ஸின் குவிய நீளத்தை 110-ஆல் வகுத்தால் கிடைக்கும். 300 மி.மீ. லென்ஸில் மூன்று மி.மீ.கூட வராது, 1000 மி.மீ.யில் ஒன்பது. ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, நொடியில் 250-ல் ஒரு பங்கிலிருந்து 1000-ல் ஒரு பங்கு வரை எடுத்துப் பாருங்கள். தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிட்டு, லைவ் வியூ திரையைப் பெரிதாக்கி, சூரியனின் விளிம்போ கரும்புள்ளியோ கூர்மையாகும்வரை கையால் திருகுங்கள். காலை எட்டு, ஒன்பது மணி நல்லது. வெயில் ஏறினால் தகரக் கூரை, சிமென்ட் தளம் மேலெழுப்பும் அனல் படத்தை நடுங்க வைக்கும். அறுவடை முடிந்த சாமைக் காட்டின் ஓரமோ புல்தரையோ விடுதி மொட்டைமாடியைவிட மேல். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவே லென்ஸை மூடிவிடுங்கள். வடிகட்டி கழற்றிய லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி கிடந்தால் பையும் கருகும், மாசி பங்குனியில் காய்ந்த சருகும் பற்றும்.

பணமே செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்கு ஜல்லிக் கரண்டி இருக்கிறது. அதன் துளைகள் வழியே சுவரில் விழும் சூரிய வட்டங்களைப் படமெடுங்கள். கிரகணத்தன்று ஒவ்வொரு துளையும் ஒரு பிறை.

இவ்வளவுக்குப் பிறகும் கண்ணில் ஏதாவது ஆகிவிட்டால், அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். எப்போது, எவ்வளவு நேரம், எதன் வழியாகப் பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஓ.சி.டி. ஸ்கேன் விழித்திரையின் பாதிப்பைக் காட்டும். இதற்கென்று உறுதியான மருந்து எதுவும் இல்லை. பலருக்குச் சில மாதங்களில் பார்வை ஓரளவு திரும்பும், சிலருக்குப் புள்ளி நிரந்தரம். மலைத்தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஜவ்வாதுத் தேன் அருமையானது, அது தினைமாவுக்கு. மருத்துவரின் சீட்டையும் ஸ்கேனையும் பத்திரமாக வையுங்கள். அடுத்து வருவதற்கு அது தேவை.

அடுத்து வருவது சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறையுள்ள பொருளால் நேர்ந்த உடல் தீங்குக்கு உற்பத்தியாளரும் விற்பனையாளரும் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. இறக்குமதி வடிகட்டிகளில் பெரிய சிக்கல், செய்தவர் யார் என்றே தெரியாது. அதற்கும் சட்டத்தில் வழி உண்டு: உற்பத்தியாளர் இன்னார் என்று தெரியாவிட்டால் விற்றவரே பொறுப்பு. பொய்யான ‘அங்கீகாரம்’ போட்டு விற்பது தவறான விளம்பரம். அதன்மேல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் தனியாகவே புகார் செய்யலாம். இணைய விற்பனைத் தளம் குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி.

அங்கே தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது, அட்டைப்பெட்டி, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், மருத்துவச் சீட்டு எல்லாம் வேண்டும். விளம்பரப் பக்கத்தை வாங்கிய அன்றே எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். புகார் கிளம்பியதும் அது காணாமல் போவதுண்டு. மறுபக்கமும் சொல்ல வேண்டும். படமெடுக்க மட்டும் என்று எழுதிய ஃபிலிமைக் கண்ணில் வைத்தாலோ, கிழிந்ததை ஒட்டிப் பயன்படுத்தினாலோ வழக்கு நிற்காது. ஸ்டுடியோ நடத்துகிறவர்கள், தொழிலுக்காக வாங்கியதால் தாங்கள் நுகர்வோரே அல்ல என்று நினைத்துவிட வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரையும் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது.

நிற்கும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. சாலையோரத்திலிருந்து சூரியனைப் படமெடுக்க யாரிடமும் உரிமம் வாங்க வேண்டாம். பட்டா நிலம் என்றால் நிலத்துக்காரரைக் கேளுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும், தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன்படி அத்துமீறி நுழைவது குற்றம். அந்தி வெயிலில் நிழலுருவாக நிற்கும் மலைவாசிப் பெண்மணியும் ‘காட்சி’ அல்ல. கேட்டுவிட்டு எடுங்கள்.

படம் கைக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் தவறு, மூலக் கோப்பை அழிப்பது. கொஞ்சம் கை தேர்ந்ததும் எல்லோரும் வீடியோவாகப் பல நூறு சட்டகங்கள் எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருளில் தெளிவானவற்றை மட்டும் பொறுக்கி அடுக்கி, கூர்மையாக்கி, மஞ்சளோ ஆரஞ்சோ பூசுகிறார்கள். சூரியனின் உண்மை நிறம் வெள்ளை. நிறம் பூசுவதில் தப்பில்லை, பூசினேன் என்று தலைப்பில் ஒரு வரி எழுதினால் போதும். அளவுக்கு மீறிக் கூர்மையாக்கினால் விளிம்பைச் சுற்றிப் பொய்யான வளையமும் பரப்பில் இல்லாத புள்ளிகளும் முளைக்கும். அதைக் கண்டுபிடிப்பு என்று நினைத்து நண்பர்களுக்கு அனுப்பினால் கேலிதான் மிஞ்சும். நாசா விண்கலத்தின் படத்தை எடுத்துத் தன் பெயரில் போட்டிக்கு அனுப்புவது வேறு வகை; அது ஏமாற்று.

உங்கள் படத்தை வேறொருவர் தன் பெயரில் போட்டுக்கொண்டால்? பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். கேமரா பள்ளியுடையதா, மாமாவுடையதா என்பது கேள்வியே இல்லை. சம்பளத்துக்கு எடுத்ததும், ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னதும் விதிவிலக்கு; அவற்றில் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை சம்பளமோ பணமோ கொடுத்தவருக்குப் போகும். பதிவு செய்தால்தான் உரிமை என்பதும் இல்லை. உரிமை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் நிற்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். போட்டிப் படிவத்தில் ‘எல்லா உரிமையும் என்றென்றும்’ என்ற வரி இருந்தால், பரிசுத் தொகையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

திருட்டைக் கண்டால் முதலில் அந்தத் தளத்துக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். முறையான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் படத்தை முடக்க வேண்டும் என்கின்றன 2013-ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகள். ஆனால் அந்த முடக்கம் 21 நாள்தான்; அதற்குள் நீதிமன்ற ஆணை பெறாவிட்டால் தளம் படத்தைத் திரும்ப வைக்கலாம். படம் உங்களுடையது என்பதை எப்படிக் காட்டுவது? மூலக் கோப்பால்தான். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அதிலிருக்கும் தேதி, கேமரா விவரங்கள் உதிர்ந்துவிடும். ரா கோப்பையும் வீடியோவையும் இரண்டு இடங்களில் வைத்துக்கொண்டு, ஊருக்குச் சின்ன அளவுப் பிரதியை மட்டும் கொடுங்கள்.

2027 ஆகஸ்ட் 2 மாலை தமிழ்நாட்டில் பகுதி சூரிய கிரகணம் தெரியும். 2031 மே 21-ல் வளையக் கிரகணம் தென் மாவட்டங்களைக் கடக்கும். கிரகணத்துக்கு முந்தைய வாரம் கடைக்கு வருவது அவசர அவசரமாக இறக்கிய சரக்காகத்தான் இருக்கும். வடிகட்டி வேண்டியவர்கள் இப்போதே, ஒளியடர்த்தி எண்ணையும் இறக்குமதியாளர் முகவரியையும் பார்த்து, ரசீதோடு வாங்கி வையுங்கள்.