மோட்டாரை நிறுத்தும் சின்னப் பலகை: எந்தக் கால் கேட்கும், எந்தக் கால் பேசும்?



தொட்டி நிறைஞ்சதும் தண்ணீர் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அடல் டிங்கரிங் லேப் உள்ள பள்ளிகளில் நம் பிள்ளைகளும் இது போன்றவற்றைச் செய்து பழகுகிறார்கள். "கரண்டு சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று ஒதுங்க வேண்டாம். ஆறுமுகநேரியில் உப்புக் காற்று பட்டு ஒயரில் களிம்பு பிடிப்பது நமக்குத் தெரிந்ததுதான். அந்த ஒயர் அறுந்தால் மோட்டார் நிற்குமா, ஓடி ஓடிக் கருகுமா? அது, கருவியை எப்படி இணைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

பலகையும் கால்களும்

பிள்ளைகள் அதிகம் பயன்படுத்துவது 'ஆர்டுயினோ ஊனோ' என்ற கையளவு பலகை. ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில், மாணவர்கள் குறைந்த செலவில் கற்க உருவானது. ஊனோவின் ஓரத்தில் 0 முதல் 13 வரை எண் போட்ட 14 இணைப்புகள் இருக்கும். இவற்றைக் கால்கள் என்போம்.

ஒவ்வொரு காலும் காதாகவும் இருக்கலாம், வாயாகவும் இருக்கலாம். காது என்றால் உள்ளீடு: வெளியே நடப்பதைக் கேட்கும். வாய் என்றால் வெளியீடு: கட்டளை கொடுக்கும். எது எது என்பதை நிரலின் தொடக்கத்திலேயே 'பின்மோடு' என்ற கட்டளையால் சொல்லிவிட வேண்டும்.

நம் தொட்டிக்கு

2-ஆம் கால் காது. அதற்கும் பலகையின் 'கிரவுண்டு' இணைப்புக்கும் நடுவில் தொட்டியின் மிதவை சுவிட்ச். 7-ஆம் கால் வாய். அதில் மோட்டாரை இயக்கும் ரிலே பலகை.

கவனிக்க வேண்டியவை

1. காதுக்காலை அந்தரத்தில் விடக் கூடாது. எதோடும் சேராத கால், காற்றில் வரும் சலசலப்பை எல்லாம் செய்தியாக எடுத்துக்கொள்ளும். மோட்டார் இஷ்டத்துக்கு ஓடும், நிற்கும். அதனால் அதை 'உள்ளீடு-புல்லப்' என்று அமைக்க வேண்டும். அப்போது சுவிட்ச் திறந்திருந்தால் 'உயர்வு', மூடியிருந்தால் 'தாழ்வு' என்று தெளிவாகக் கேட்கும்.

2. தொட்டி நிறைந்தால் திறக்கிற மிதவையாகப் போடுங்கள். 'உயர்வு' வந்தால் மோட்டார் நிற்கட்டும். ஏன்னா, ஒயர் அறுந்தாலும் 'உயர்வு'தான் வரும், மோட்டார் நின்றுவிடும். "தண்ணி வரலையே"ன்னு நாம போய்ப் பார்ப்போம். மாற்றிப் போட்டால், ஒயர் அறுந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கீழ்த்தொட்டி வற்றினால் மோட்டார் கருகும்.

3. வாய்க்கால் ஒன்று தாராளமாகக் கொடுப்பது 20 மில்லி ஆம்பியர்தான். 40 தான் உச்ச வரம்பு. ஒரு சின்ன விளக்கு எரியும், மோட்டார் ஓடாது. அதனால்தான் நடுவில் ரிலே பலகை. பெரிய மோட்டாருக்கு ரிலேயோடு கான்டாக்டரும் வேண்டும்.

4. கடையில் கிடைக்கும் பல ரிலே பலகைகள் 'தாழ்வு' வந்தால் மோட்டாரை ஓட்டும். கால் வாயாக மாறியதும் முதலில் வருவதும் தாழ்வுதான். கரண்டு போய் வரும்போதெல்லாம் மோட்டார் ஒரு குலுக்கு குலுக்கும். முதலில் 'உயர்வு' எழுதிவிட்டு, பிறகு வெளியீடு என்று அமைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

யார் என்ன செய்யலாம்?

5 வோல்ட் பலகை வேலையைப் பிள்ளைகள் செய்யட்டும். 230 வோல்ட் மோட்டார் இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் மட்டுமே செய்ய வேண்டும். ஈரக் கையோடு யாரும் தொடக் கூடாது.

வேலை முடிந்ததும் காசு கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: "மோட்டார் ஓடும்போது மிதவை ஒயரைக் கழற்றிக் காட்டுங்க." மோட்டார் நின்றால் இணைப்பு சரி. நிற்காவிட்டால், "மாத்திப் போடுங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுவோம், சகோதரிகளே!