மயில் தோகைக்கு நிழல் கொடுக்கும் முன்

சென்னைப் புறநகரான பீர்க்கன்கரணையில் எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு அக்கா பெயர்ப்பலகை, மயில், பிள்ளையார் என்று மரத்தில் அறுத்து விற்கிறார். ஸ்க்ரோல் சா மெஷினின் நூல் போன்ற பிளேடு தோகையின் வளைவுக்குள் புகுந்து வெளியே வரும். அறுத்த துண்டுகளை ஒட்டுவதற்கு முன் கையடக்கமான கேஸ் டார்ச்சால் ஓரங்களைச் சுட்டு நிழல் கொடுப்பார். நீலச் சுடரின் நுனி மரத்தைத் தொட்டும் தொடாமலும் ஓட வேண்டும். ஒரு நொடி நின்றால் கரிதான். சரியாக ஓடினால் விளிம்பில் வறுத்த காபிக்கொட்டை நிறம் பிடித்து, உள்ளே போகப் போகத் தேன் நிறமாகக் கரையும். பெயின்ட்டில் அந்த அழகு வராது.

ஒரு நாள் போனபோது சமையலறை மேடையில் வேலை நடந்துகொண்டிருந்தது. சுடர் அலையக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தியிருந்தார். கையில் எம்.டி.எஃப். பலகை. "கண்ணு எரியுதே அக்கா" என்றேன். "புகைதானே தம்பி, பழகிடும்" என்றார். அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது.

எம்.டி.எஃப். என்பது மர நாரும் பசையும் சேர்த்து அழுத்திய பலகை. அந்தப் பசை பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு. சுட்டால் வரும் ஃபார்மால்டிஹைடு வாயுதான் கண்ணையும் தொண்டையையும் கரிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது. பிளைவுட்டிலும் இதே வகைப் பசைதான் பரவலாக இருக்கிறது. என்-95 முகக்கவசம் அறுக்கும் தூசிக்கு உதவும், வாயுவைத் தடுக்காது. இது பழகிப்போகிற புகை அல்ல. நிழல் கொடுக்க வேண்டுமென்றால் தேக்கு, பைன் போன்ற முழு மரத்தை எடுங்கள். வார்னிஷ், பெயின்ட் எல்லாம் சுட்ட பிறகுதான். பழைய பேக்கிங் பெட்டிப் பலகை மலிவாகக் கிடைக்கும். வெளிநாட்டுச் சரக்கு வந்த பெட்டியென்றால் கோதுமைக் கதிர் சின்னத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் 'எச்.டி.' (HT) என்று இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம். 'எம்.பி.' (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு ஏற்றியது. அதைத் தொட வேண்டாம்.

அடுத்தது கேஸ் கேன். அதில் இருக்கும் பியூட்டேன் காற்றைப் போல இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பூஜை மூலையில் எரியும் விளக்கைத் தேடிப் போகும். பற்றவைத்தவுடன் டார்ச்சைத் தலைகீழாகச் சாய்த்தால் திரவமாகவே கேஸ் வெளியேறி, சுடர் குபீரென்று முழம் நீளத்துக்குச் சீறும். கேனை 50 டிகிரிக்கு மேல் சூடாக விடக் கூடாது. சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் சீட்டுக்கடியில் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். மெல்லிய அறுப்பு வேலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சுடரை அணைத்த பிறகும் விளிம்பில் கனல் ஒளிந்திருக்கும். சுட்ட துண்டை மரத்தூள் பக்கத்தில் வைக்காமல் அரை மணி நேரமாவது கண் பார்வையில் வைத்திருங்கள்.

கை சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். காயம் பெரிதென்றால் 108. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

நம் பகுதியில் பலரும் பாரிமுனையில் சாமான் வாங்கிக்கொண்டு மின்சார ரயிலில் பெருங்களத்தூர் வந்து இறங்குகிறோம். பையில் கேஸ் கேன் இருந்தால் அது குற்றம். ரயில்வே சட்டம் 164-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி எடுத்து வந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

இனி உரிமைக்கு வருவோம். டார்ச்சின் வால்வு கசிந்து கை வெந்துவிட்டால் "வியாபாரத்துக்கு வாங்கினீங்க, நீங்க நுகர்வோரே இல்ல" என்று கடைக்காரர் சொல்லலாம். அது தவறு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருளென்றால், வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பொருளின் குறையால் காயம் பட்டால் தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டும். போதுமான எச்சரிக்கை அச்சிடாததும் குறைதான். தயாரித்தது யாரென்றே தெரியாத டார்ச் என்றால் விற்ற கடைக்காரர் பொறுப்பாவார். அதனால்தான் பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, புகார் எண் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்கச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. காலி கேனில் வீட்டு சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சமையல் கேஸில் புரொப்பேனும் கலந்திருப்பதால் அழுத்தம் கூடுதல். அந்த மெல்லிய கேன் அதற்காகச் செய்ததல்ல. சமையல் சிலிண்டரை வேறு வேலைக்குத் திருப்புவது சட்டப்படியும் குற்றம். பொருளை மாற்றியோ தவறாகவோ பயன்படுத்தியபோது விபத்து நடந்தால் விற்றவர் மீது வழக்கே போட முடியாது என்று அதே நுகர்வோர் சட்டம் சொல்கிறது. நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் விற்றவரிடம் இழப்பீடு கேட்கும் உரிமையையே இழந்து நிற்கக் கூடாது.

விபத்து நடந்தால் டார்ச்சையும் கேனையும் தூக்கிப் போடாதீர்கள், கடையில் திருப்பியும் கொடுத்துவிடாதீர்கள். அவைதான் சாட்சி. போட்டோ எடுங்கள், பில், பெட்டி, மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நம் பகுதிக்குச் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, தேவைப்பட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச உதவி உண்டு.

இதையெல்லாம் சொன்னதும் அக்கா முதலில் கேட்டது, "பில்லு எங்கே வெச்சேன்?" என்றுதான். அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடைத்தது. மையெல்லாம் மங்கத் தொடங்கியிருந்தது. அங்கேயே போனில் படம் எடுத்து வைத்தோம்.